கென்னல் காஃப்: மூக்குச் சொட்டா, ஊசியா?

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காட்பாடிப் பக்கம் நாயை விடுதியில் விடுவதென்றால், கென்னல் காஃப் என்ற நாய் இருமலுக்கான தடுப்பு மருந்தை முன்னாலேயே யோசியுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியது போன்ற அந்த வறட்டு இருமல், நாய்கள் நெருங்கி இருக்கும் இடத்தில் சட்டென்று பரவும்.

என் விருப்பம் மூக்குச் சொட்டுதான். ஒரே தவணை, இந்த இருமலைத் தரும் போர்டெடெல்லா கிருமி நுழையும் இடத்திலேயே சுமார் 3 நாளில் பாதுகாப்பு தொடங்கும். எங்கள் மணி தலையைச் சிலுப்பி, மூக்கை நக்கி நக்கி, இரண்டு நாள் தும்மினான். அவ்வளவுதான்.

ஊசிக்கு முதல்முறை இரண்டு தவணை, 2 முதல் 4 வார இடைவெளி. மார்கழி பிறந்ததுமே தொடங்க வேண்டும். முகத்தைத் தொட்டாலே கடிக்க வரும் நாய்க்கு அதுதான் சரி.

அப்புறம், மூக்குச் சொட்டைத் தவறியும் ஊசியாகக் குத்தக் கூடாது. சீழ் கட்டும், கல்லீரலையும் பாதிக்கலாம்.