ராஸ்டரா, வெக்டாரா: படம் எப்போது புள்ளிகளாக மாற வேண்டும்?

படத்தைப் புள்ளிகளாகவே சேமிப்பது ராஸ்டர்; வரைவதற்கான குறிப்புகளாகச் சேமிப்பது வெக்டார். திரையை மட்டும் பார்த்தால் இவற்றின் போட்டிக்கே இடமில்லை. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என அடுக்கப்பட்ட 20,73,600 படப்புள்ளிகள்தாம் ஒரு முழு எச்டி திரை. அவற்றில் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவையும் தலா 8 பிட்டில், அதாவது 256 படிகளில் ஏற்று, 1,67,77,216 நிறங்களுள் ஒன்றாக ஒளிர்கிறது. ஒளிப்படமானாலும், கட்டட வரைபடமானாலும், எழுத்தானாலும் கண்ணை வந்தடைவது இந்தப் புள்ளிகளின் வழியாகத்தான். ஆகவே ராஸ்டர், வெக்டார் என்னும் இரு முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது, படம் எந்தக் கட்டத்தில் புள்ளிகளாக மாற வேண்டும் என்று முடிவு செய்வதாகும். கணினி வரைகலையின் அறிமுகப் பாடங்கள் பல இவற்றை இரண்டு கோப்பு வகைகள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவதால், இந்த அடிப்படை கற்பவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

ராஸ்டர் கோப்பு அந்த மாற்றத்தைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறது. புள்ளிக் கட்டத்தின் எந்த இடத்தில் எந்த நிறம் என்பதே அதன் முழு உள்ளடக்கம். ஒரு வட்டத்தை வரைந்து அவ்வாறு சேமித்தால், அது வட்டம் என்னும் செய்தி கோப்பில் எங்கும் இராது. வெக்டார் கோப்போ மையம், ஆரம், கோட்டின் தடிமன், நிரப்ப வேண்டிய நிறம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, புள்ளிகளாக்கும் வேலையைப் படத்தைக் காட்டும் கருவியிடமே விட்டுவிடுகிறது. வட்டமும் நேர்கோடும் போதாத இடங்களுக்கு பெஸியே வளைவுகள் இருக்கின்றன. கார்களின் உடல்வடிவத்தைக் கணக்கில் அடக்குவதற்காக, சித்ரோயன் நிறுவனத்தில் போல் த கஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெஸியேவும் தனித்தனியே உருவாக்கியவை அவை. நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது வெறும் எட்டு எண்கள், ஒரு வளைவை முழுமையாக வரையறுத்துவிடுகின்றன. ‘இ’, ‘ஞ’ போன்று சுழிகள் மிகுந்த எழுத்துகள் எந்த அளவிலும் பிசிறின்றித் தெரிவதற்கு, எழுத்துருக் கோப்புகளுக்குள் இத்தகைய வளைவுகள் இருப்பதே காரணம்.

மாற்றத்தைத் தள்ளிப்போடுவதால் கிடைக்கும் பயனை மிகத் தெளிவாகக் காட்டியது அச்சுத் துறை. 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஒரு பக்கத்தைப் புள்ளிகளாக அல்லாமல் வரைவதற்கான கட்டளைகளாக அச்சுப்பொறிக்கு அனுப்பியது. அதனால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இடும் லேசர் அச்சுப்பொறியும், அதைவிடப் பல மடங்கு நுட்பமான அச்சுக்கோப்பு இயந்திரமும், ஒரே கோப்பிலிருந்து தத்தம் திறனுக்கேற்ற பக்கத்தைத் தந்தன. இதற்கும் முன்பே, 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் வரைதல் மென்பொருள் இந்தச் சிந்தனையின் ஆழத்தைக் காட்டியிருந்தது. அதில் மூலப் படம் ஒன்றைத் திருத்தினால், அதிலிருந்து எடுக்கப்பட்ட பிரதிகள் எல்லாம் தாமாகவே திருந்தின. படத்தைப் புள்ளிகளாக மட்டும் வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

பெரிதாக்கும்போது என்ன நேர்கிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 200 புள்ளிகள் கொண்ட ஒரு சதுர லோகோவில் 40,000 புள்ளிகள் இருக்கின்றன. அதை நீளத்திலும் அகலத்திலும் பத்து மடங்காக்கினால் 40,00,000 புள்ளிகள் தேவைப்படும். அதாவது, புதிய படத்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது புள்ளிகளின் நிறத்தை மென்பொருள் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஊகிக்க வேண்டும். விளிம்புகள் குழைந்துபோவதில் வியப்பில்லை. வெக்டார் லோகோவில் ஆயத்தொலைகளைப் பத்தால் பெருக்கினால் போதும், ஊகத்துக்கு வேலையில்லை. எனவே லோகோ, எழுத்து, வரைபடம், பொறியியல் வரைவு ஆகியவற்றை ராஸ்டராக மட்டும் சேமித்து வைப்பது தவறு என்றே உறுதியாகச் சொல்வேன். வெட்டும் இயந்திரங்களுக்கும் பூத்தையல் இயந்திரங்களுக்கும் படத்தை அனுப்பும்போது இது இன்னும் வெளிப்படை. கத்தியும் ஊசியும் செல்ல வேண்டிய பாதையே அவற்றுக்குத் தேவை. புள்ளிக் கட்டத்தில் பாதை என்று ஒன்று இல்லை.

ஆனால் எல்லாப் படங்களும் வரையப்பட்டுப் பிறப்பவை அல்ல. கேமராவின் உணரி தன்மேல் விழும் ஒளியை இடம் இடமாக அளக்கிறது; அளவீட்டின் இயல்பான வடிவமே கட்டம். முகத்தின் தோலிலும் மேகத்திலும் கோடாக வரையத்தக்க விளிம்பு இல்லாததால், ஒளிப்படத்தைத் தானியங்கியாக வெக்டாராக்கும் மென்பொருள்கள் அதை ஆயிரக்கணக்கான வண்ணத் திட்டுகளாகச் சிதறடிக்கின்றன. கோப்பும் பெருக்கிறது, படமும் கெடுகிறது. மருத்துவத்தில் இது அழகைத் தாண்டிய பிரச்சினை. சிடி ஸ்கேனின் ஒரு வெட்டுப்படம் வழக்கமாக 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட கட்டம். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் எண், அந்த இடத்துத் திசு எக்ஸ் கதிரை எவ்வளவு தடுத்தது என்பதன் அளவு. அதன்மேல் மழமழப்பான கோடுகளை வரைந்து அசலைக் கைவிட்டால், நோயைக் காட்டும் சான்றே அழிந்துவிடும்.

ராஸ்டருக்குள்ளும் ஒரு தேர்வு உண்டு. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, கண் எளிதில் கவனியாத நுண்மாற்றங்களைக் கழிக்கிறது. ஒளிப்படத்துக்கு அது ஏற்றது. கூரிய எழுத்துகள் நிறைந்த திரைப்பிடிப்புக்கு (ஸ்கிரீன்ஷாட்), எதையும் இழக்காத பிஎன்ஜி முறையே உகந்தது.

அதிகம் பேசப்படாத வேறுபாடு ஒன்று இருக்கிறது: ராஸ்டர் மறக்கிறது, வெக்டார் நினைவில் வைத்துக்கொள்கிறது. பிடிஎஃப் ஆவணத்தில் ஒருவருடைய கணக்கு எண்ணின்மேல் கறுப்புச் செவ்வகத்தை வரைந்தால் திரையில் எண் மறையும். ஆனால் எழுத்து ஒரு பொருளாகவும் செவ்வகம் இன்னொரு பொருளாகவும் கோப்பில் அப்படியே இருப்பதால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும் எவருக்கும் எண் கிடைத்துவிடும். செவ்வகத்தை வரைந்தபின் பக்கத்தைப் புள்ளிகளாக்கி, அந்தப் புள்ளிகளை மட்டும் சேமித்தால் அடியில் இருந்தது உண்மையிலேயே அழிகிறது. திருத்த வேண்டிய படத்துக்கு வெக்டாரின் நினைவாற்றல் வரம். மறைக்க வேண்டிய ஆவணத்துக்கு ராஸ்டரின் மறதியே பாதுகாப்பு.

முப்பரிமாண வரைகலையில் இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. ஒரு கதாபாத்திரத்தின் உருவம் ஆயத்தொலைகளால் ஆன முக்கோணங்களின் வலை. அதன்மேல் போர்த்தப்படும் தோலும் துணியும் பெரும்பாலும் ராஸ்டர் படங்கள். நொடிக்கு 60 படங்கள் காட்டும் கணினி விளையாட்டில், ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் அவை அனைத்தையும் வரைகலைச் செயலி (ஜிபியு) புள்ளிகளாக்கி முடிக்க வேண்டும்.

கடைசியாக, வெக்டாரை ஆதரிப்போர் அடிக்கடி மறக்கும் ஓர் இடம் மிகச் சிறிய ஐகான்கள். 16-க்கு 16 புள்ளிகளுக்குள் ஒரு மெல்லிய கோடு இரு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால், மென்பொருள் அதை இரண்டிலும் பாதி நிறமாகப் பரப்பி மங்கலாக்கிவிடும். கோடுகளைப் புள்ளிகளின் எல்லையோடு பொருத்தி வரைய வேண்டும். அதுவும் போதாதபோது, அந்த ஓர் அளவுக்கு மட்டும் புள்ளி புள்ளியாகக் கையால் தீட்டிய ராஸ்டர் படத்தைத் தனியே வைத்துக்கொள்வதே சரி.