தோட்டப் பராமரிப்புச் சேவை: கவாத்தில் தேர்ச்சி, பாசனத்தில் அலட்சியம்

எங்கள் வீட்டுத் தோட்டத்தை வடிவமைத்து நட்டுக்கொடுத்த நிறுவனமே, அடுத்த ஓராண்டுக்கான பராமரிப்பையும் ஒப்பந்த அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. இப்போது ஒப்பந்தக் காலம் முடிந்திருப்பதால், இத்தகைய சேவையை நாடுவோருக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கவாத்து செய்வதில் இவர்களைக் குறைசொல்ல இடமில்லை. கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்தெடுக்காமலும், முளைக்குச்சி போல மிச்சம் விடாமலும், கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றே புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே வெட்டுகிறார்கள். அந்த வளையம் சிதையாமல் இருந்தால்தான் வெட்டுவாயை மரம் தானாக மூடிக்கொள்ளும். வேலிச்செடிகளின் தலைப்பகுதியைக் குறுக்கி அடிப்பகுதியை அகலமாக விட்டிருப்பதால், கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைத்துத் தூர் வரை அடர்ந்திருக்கின்றன. புல்லையும் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டுவதில்லை.

செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கு போட்டதில் ஒரு குறை இருந்தது. மரப்பட்டைத் துண்டுகளை 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பியது சரிதான் என்றாலும், அவற்றைத் தண்டின் மேலேயே குவித்துவிட்டார்கள். ஈரம் தங்கினால் அடித்தண்டின் பட்டை அழுகிவிடும் என்று சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றி விலக்கிவிட்டார்கள்.

உண்மையான குறை பாசனத்தில்தான். நட்ட நாளில் வேர்க்கட்டியை (வேரோடு கூடிய மண்கட்டியை) ஒட்டி வைத்த சொட்டுவான்கள், அதாவது பாசனக் குழாயிலிருந்து நீரைச் சொட்டவிடும் சிறு முனைகள், ஆண்டு முழுவதும் அதே இடத்தில் கிடந்தன. வேர் வெளிப்புறமாகப் பரவப் பரவ அவற்றையும் தள்ளி வைக்க வேண்டும் என்பதை யாரும் கருதவில்லை. ஒரு செடி மட்டும் வாடத் தொடங்கியபோது, காரணத்தை ஆராயாமல் நீர் விடும் நேரத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள். அதனால் அக்கம்பக்கத்துச் செடிகளின் அடிமண் சொதசொதவென்று ஆனதே தவிர, வாடிய செடி தேறவில்லை. பிறகு நானே குழாயின் நுனிமூடியைத் திறந்தபோது பழுப்பு நிறச் சேறு கொட்டியது. வடிகட்டியை அவர்கள் ஒருமுறையாவது கழுவியிருப்பார்களா என்பது சந்தேகமே. அதைக் கழுவி, அடைத்திருந்த சொட்டுவானை மாற்றிய பிறகே செடி நிமிர்ந்தது. மரக்கன்றுகள் வேரூன்றி நின்ற பின்னும் முட்டுக்கம்புக் கயிறுகளை அவிழ்க்காமல் விட்டதும் இதே வகை அலட்சியம்தான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதென்றால் வடிகட்டி கழுவுதல், சொட்டுவான்களை இடம் மாற்றுதல், முட்டுகளை அகற்றுதல் ஆகிய மூன்றையும் எழுத்தில் சேர்க்குமாறு கேட்டிருக்கிறேன். இசைந்தால் தொடர்வேன், மறுத்தால் கவாத்துக்கு மட்டும் இவர்களை அழைத்துக்கொள்வேன்.