ஜெர்மனி வேண்டாம், கனடா போங்க என்று சொன்ன ஏஜென்ட்

தம்பி மெக்கானிக்கல் முடித்தவன். மாஸ்டர்ஸ் ஜெர்மனியில் படிக்க ஆசைப்பட்டான். போன வருடம் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் ஒரு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனோம்.

"ஜெர்மனின்னா பன்னிரண்டாயிரம் யூரோவை மொத்தமா முடக்கணும் ஆச்சி. பாஷை தெரியாம பிள்ளை திண்டாடிப் போகும். கனடான்னா படிச்சு முடிச்சதும் அங்கேயே வேலை பாக்கலாம்" என்றார். ஆத்தா பயந்துவிட்டார்கள்.

சர்வீஸ் சார்ஜ் 60,000 ரூபாய். வான்கூவர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பிசினஸ் டிப்ளமோ. ஆத்தாவின் நகையை அடகு வைத்து முதல் தவணை நாலரை லட்சம் அனுப்பினோம்.

விசாவுக்குப் பேப்பர் சேர்க்கும்போதுதான் தம்பி கனடா அரசின் கல்லூரிப் பட்டியலைத் திறந்து பார்த்தான். கல்லூரிப் பெயர் இருந்தது. ஆனால் படித்த பிறகு வேலை அனுமதி கிடைக்கும் படிப்பு உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி உள்ள கல்லூரி எல்லாம் அந்த வேலை அனுமதிக்குத் தகுதியானது அல்ல. இது ஏஜென்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

கேட்டால், "அதான் லிஸ்ட்ல பேரு இருக்குல்ல தம்பி!" என்றார். கல்லூரியோ, விசா மறுத்தால்தான் பணம் திரும்பும், நாமாக விலகினால் கிடையாது என்றது. கையெழுத்துப் போட்ட தாளிலேயே அது இருந்தது. ஏஜென்ட் படித்துச் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் நாங்களும் படிக்கவில்லை.

ஜெர்மனி பற்றி அவர் சொன்னதும் பாதி உண்மைதான். அந்த 11,904 யூரோ மாணவன் பெயரிலேயே கணக்கில் இருக்கும். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவன் செலவுக்கே வரும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆங்கிலத்திலேயே நடக்கும் மாஸ்டர்ஸ் படிப்புகளும் நிறைய உண்டு. அந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஆள் சேர்ப்பவருக்குக் கமிஷன் தருவதில்லை. தனியார் கல்லூரிகள் தருகின்றன. எங்களுக்கு நாட்டைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கமிஷன்தான்.

இப்போது தம்பி, நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்குத் தானே விண்ணப்பித்திருக்கிறான். இந்திய மாணவர்களுக்கு ஜெர்மனி விசாவுக்கு முன் அது வேண்டும்.

அதே அலுவலகம் தேவகோட்டையில் முகாம் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கல்லூரிப் பெயரை எனக்கு அனுப்புங்கள், அந்தப் பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன்.