ரிக்கற் கச்சேரியா, கோயில் மேளமா, முற்றவெளி மேடையா?

சாஸ்திரிய சங்கீதத்தை எல்லாரிடமும் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்து விழா மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். நல்ல மண்டபத்தில் நல்ல பாடகரை வைத்துக் கட்டணக் கச்சேரி நடத்துங்கள், சனம் காசு கொடுத்து வரும் என்பார் ஒருவர். காசு கேட்டால் யார் வருவார், கோயிலிலேயே வையுங்கள் என்பார் இன்னொருவர். அனுசரணையாளரைப் பிடித்து மைதானத்தில் பெரிதாகச் செய்யுங்கள் என்பார் மூன்றாமவர்.

இந்த மூன்றையும் வாசல் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கோயிலும் மைதானமும் உடனே வென்றுவிடும். நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: கச்சேரிக்குக் காசு போடுகிறவர் யார்? கோயிலில் உபயகாரர், மைதானத்தில் கொம்பனி, மண்டபத்தில் ரிக்கற் வாங்கியவர். எத்தனை மணிக்குத் தொடங்குவது, எவ்வளவு நேரம் பாடுவது, முன்வரிசையில் யார் இருப்பது எல்லாம் அந்த ஆளைப் பொறுத்துத்தான் முடிவாகின்றன.

கோயிலில் இருந்து தொடங்குவதுதான் முறை. எங்கள் ஆட்கள் சங்கீதம் கேட்டுப் பழகிய இடம் அது. அளவெட்டி, இணுவில் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே தவிலும் நாதஸ்வரமும் ஞாபகம் வரும். தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் காலமாகும்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து கூட ஆகவில்லை; தமிழ்நாட்டிலும் கொண்டாடப்பட்ட அந்த வாசிப்பை இங்கே ஏராளமானோர் ஒரு சதமும் கொடுக்காமல் கோயில் வீதி மணலில் இருந்து கேட்டார்கள். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அப்படித்தான் வீடு வீடாகப் பேசப்பட்டது.

கோயில் திருவிழா முடிவில் வரும் பூங்காவன இரவுகளில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். சுவாமி வெளிவீதிக்கு வந்ததும் மேளம் ஓரிடத்தில் நிற்கும். உள்வட்டத்தில் வயதானவர்கள் சம்மணம் கட்டி, தொடையில் தாளம் போட்டபடி இருப்பார்கள். அதற்கு வெளியே பிள்ளையைத் தோளில் வைத்த தகப்பன்மார். கடைசி வட்டத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் பெடியள், கையில் கச்சான் சரை. ஆலாபனை நடக்கும்போது கடைசி வட்டம் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கும். தனித்தவில் தொடங்கினால் கதை நிற்கும். அப்புறம் யாராவது ஒரு துண்டில் சினிமாப் பாட்டின் பெயரை எழுதி முன்னுக்கு அனுப்புவார்கள். கெட்டிக்கார வித்துவான் அதைப் பார்த்ததும் வாசிக்கத் தொடங்கமாட்டார். கையில் இருக்கிற உருப்படியை முடித்து, கேட்ட பாட்டின் ராகத்தில் சின்னதாக ஒரு ஆலாபனை இழுத்து, அதற்குள்ளிருந்து பாட்டுக்குள் இறங்குவார். பெடியளுக்கு அது என்ன ராகம் என்று தெரியாது. ஆனால் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் கிட்ட வருவார்கள். ரசனை வளர்ப்பது பற்றி நான் கேட்ட எந்தச் சொற்பொழிவும் அவர்களை அவ்வளவு தூரம் அசைக்கவில்லை.

சரி, அப்படியானால் கோயிலோடு நின்றுவிடலாமே? இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, கோயில் வீதி "எல்லாருக்கும்" உரியதா என்பது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினர் 1968இல் போராட்டம் நடத்த வேண்டியிருந்த ஊர் இது. கதவுகள் பல பிறகு திறந்தன. ஆனாலும் உபயத்திலும் நிர்வாகத்திலும் சாதி கணக்கில் இல்லை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லமாட்டார்கள். சங்கீதம் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். பூங்காவன இரவில் அவர்கள் விருந்தாளிகள்தான். இரண்டாவது, நாதஸ்வரத்துக்குப் பொருந்தும் வீதி வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் பொருந்தாது. பல்லவி எடுக்கும் நேரத்தில் பூசை மணி அடிக்கும். மணிக்கடைக்காரரின் ஒலிபெருக்கி ஒரு பக்கம், காணாமற்போன பிள்ளையின் அறிவித்தல் இன்னொரு பக்கம். பாடகிக்கு முடிவில் பொன்னாடை கிடைக்கும். வீட்டு வாடகைக்கு என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, கோயிலில் பாடுவது புண்ணியம் அல்லவா.

மைதானத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2023 ஒக்ரோபரில் சினிமா இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் யாழ் நகரின் முற்றவெளி மைதானத்தில் இலவசமாக நிகழ்ச்சி செய்தபோது சனம் வந்தது. 2024 பெப்ரவரியில் அதே இடத்தில் ஹரிஹரன் பாட வந்தபோது காசு கட்டியவர்களுக்கு ஒரு பகுதி, இலவசமாக வந்தவர்களுக்கு இன்னொரு பகுதி, நடுவில் தடுப்பு. தடுப்பு உடைந்தது, நிகழ்ச்சி குழம்பியது. இரண்டும் சினிமா இசையை நம்பிய நிகழ்ச்சிகள். அவற்றை வைத்துச் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இலவசத்தையும் கட்டணத்தையும் ஒரே வெளியில் வேலிபோட்டுப் பிரித்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டது. அதுவும் போக, பக்கத்துப் பண்ணைக் கடற்காற்றுக்கு நடுவே ஒரு விருத்தத்தைப் பாடி, அது பின்னால் நிற்பவருக்கும் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

இனி மண்டபம். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியுடன் எழுந்து, 2023இல் கையளிக்கப்பட்டு, இப்போது திருவள்ளுவர் பெயரோடு நிற்கும் கலாசார மையத்தின் அரங்கில் சுமார் 600 பேர் இருக்கலாம். பழைய வீரசிங்கம் மண்டபமும் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி அரங்கும் இருக்கின்றன. இடம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. கேட்பவர் இல்லை என்றும் சொல்ல முடியாது. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது. அதன் தரப் பரீட்சைகளுக்காக வர்ணமும் கீர்த்தனையும் பாடமாக்கிய பிள்ளைகள் இல்லாத ஒழுங்கை இங்கே குறைவு. அவர்களில் எத்தனையோ பேர் பரீட்சை முடிந்த பிறகு ஒரு முழுக் கச்சேரியை இருந்து கேட்டதே இல்லை. புதிய ரசிகரைத் தேடி முற்றவெளிக்குப் போக முன், பாதி தயாராக வீட்டில் இருப்பவரைக் கூப்பிடலாம்.

கட்டணக் கச்சேரிக்கு நான் கை தூக்குவதற்கு முதற் காரணம் நேரம். இலவச விழா ஒன்றுக்குப் போனால் அழைப்பிதழில் மாலை 4.30 என்று இருக்கும். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச் சின்னம். தம்பூரா கேட்க ஆறரையாகும். எட்டு மணிக்கு மண்டபத்தை விடவேண்டும் என்று ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டுவார்; கச்சேரியின் பெரிய அங்கமான ராகம் தானம் பல்லவி கைவிடப்பட்டு, துக்கடா என்ற சின்னப் பாட்டு இரண்டோடு மங்களம். காசு கொடுத்து வந்தவன் இதைப் பொறுக்கமாட்டான். காசைத் திருப்பித் தா என்று கேட்கும் உரிமை உள்ள ஒருவர் அரங்கில் இருந்தாலே பேச்சாளர்கள் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்வார்கள்.

சென்னையைப் பார், அங்கே ரிக்கற் வைத்துத்தானே மார்கழி இசைவிழா நடக்கிறது என்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே பல சபாக்களில் காலையிலும் மத்தியானத்திலும் இளையவர்கள் பாடும் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. மாலையில் பெரிய பெயர்களுக்குத்தான் ரிக்கற். அந்த ஏற்பாட்டுக்கும் எதிர்ப்பு இருக்கிறது: போருக்குப் பிறகு 2011இல் இங்கே வந்து பாடிய சென்னைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா, 2015இல் மார்கழிக் கச்சேரிகளை விட்டு விலகினார். அவர் துணை நின்ற ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா மீனவர் குடியிருப்பில் இலவசமாக நடந்தது. இன்னொரு சென்னைப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் மறுபக்கமாகப் போனார். முழுக்கத் தமிழ்ப் பாடல்களைக் கொண்ட கச்சேரியை ரிக்கற் வைத்தே நடத்திக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்கு இரண்டாவது வழி கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ரி. எம். சௌந்தரராஜன் பாடிய கற்பகவல்லிப் பாட்டை எழுதிய வீரமணி ஐயர் இணுவில்காரர். ராகமாலிகை என்று தெரியாமலே அதை முணுமுணுப்பவர்கள் எத்தனை பேர்! பொருள் விளங்கும் பாட்டுக்குக் காது தானாகத் திறக்கும்.

இங்கே நடக்கும் கட்டணக் கச்சேரிகளின் பிழை, சென்னையின் மாலையை மட்டும் இறக்குமதி செய்வது. விமானத்தில் ஒரு குழு வரும், ஹொட்டல், விளம்பரம், எல்லாம் சேர்ந்து ரிக்கற் விலை மேலே போகும். உள்ளூர்ப் பாடகர் வரவேற்புப் பாட்டு மட்டும் பாடுவார். மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இராமநாதன் இசைக் கல்லூரி மருதனார்மடத்தில் இருக்கிறது, இன்று பல்கலைக்கழகத்தின் பகுதியாக. அங்கே படித்து வெளியேறுவோரில் மிகப் பலர் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்காத கட்டணக் கச்சேரி எனக்கு வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 600 இருக்கை, தலைக்கு 500 ரூபா. முழுதும் விற்றால் 300,000. உள்ளூர்க் கலைஞர் நால்வருக்கு 30,000 வீதம் 120,000. மிச்சத்தில் மண்டபம், ஒலி, சுவரொட்டி, களியாட்ட வரி. ஆனால் முதல் வருடம் அரங்கு நிரம்பாது. பாதி விற்றால் 150,000. கலைஞருக்குக் கொடுத்த பின் 30,000 மிஞ்சும், அது மண்டபத்துக்கும் ஒலிக்கும் காணாது. இந்த இடத்தில்தான் அனுசரணையாளர் தேவை. நான் செய்வேன் என்றால் மண்டபச் செலவை மட்டும் அவரிடம் கேட்பேன், கலைஞரின் சம்பளத்தை ரிக்கற் காசில் இருந்து கொடுப்பேன். அப்போது பாடகர் கேட்பவருக்காகப் பாடுவார். கொம்பனியின் பதாகை வாசலோடு நிற்கும், அதன் முகாமையாளரும் உரையாற்றமாட்டார். இலவச அழைப்பிதழ் யாருக்கும் இல்லை, அரசாங்க அதிபர் வந்தாலும் 500 ரூபாதான். தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு 100.

நேரம் ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, ஆறரைக்கு மங்களம். இரவானால் வடமராட்சிக்கும் தீவுகளுக்கும் பஸ் பிடிக்க முடியாது. ஓட்டோக் கூலி ரிக்கற்றை விடக் கூடும்.

வெளிநாட்டுக் காசையும் விடத் தேவையில்லை. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் கனடாவும் லண்டனும் ஊரில்தான். ஆனால் அந்த 25 நாளில் மாலையில் கச்சேரி வைப்பவர் கந்தனோடு போட்டி போடுகிறார், அர்ச்சனைக்கு ஒரு ரூபா வாங்கும் கோயிலோடு யாரும் விலையில் மோத முடியாது. தீர்த்தம் முடிந்து சனம் விமானம் ஏறுவதற்கிடையில் ஒரு கிழமை கிடைக்கும். அந்த ஒரு கச்சேரிக்குச் சென்னைக் குழுவை அழைத்து 3,000 ரூபா வைக்கலாம். வரும் இலாபத்தில் மார்கழியில் உள்ளூர்க் கச்சேரிகளின் பின்வரிசைகளை ரிக்கற் இல்லாமல் திறந்துவிடலாம், கச்சான் சரையை மட்டும் வாசலில் வாங்கி வைத்துவிட்டு.