ஒரு சுவர் சாம்பல், ஒரு சுவர் சந்தனம்: மூன்று வருடம் கழித்து

படுக்கையறைக்கு வெளிர் சாம்பலா, வெளிர் சந்தனமா என்று முடிவு செய்ய முடியாமல், ஜன்னலுக்கு இடப்பக்கச் சுவரில் ஒன்றும் வலப்பக்கச் சுவரில் மற்றொன்றும் அடித்தோம். ஒரே பட்டி, ஒரே பிரைமர், ஒரே மாட் (பளபளப்பில்லாத) எமல்ஷன், இரண்டு கோட். வெளிச்சமும் இரண்டு சுவரிலும் ஒரே மாதிரிதான் விழும்.

முதல் வாரம் எல்லோரும் சாம்பலைத்தான் பாராட்டினார்கள். எனக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் அந்த ஜன்னலில் நேரடி வெயில் வராது, வானத்து வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சத்திலேயே ஒரு நீலம் உண்டு. சாம்பலுக்குள் ஒளிந்திருந்த நீலத்தை அது வெளியே இழுத்துவிட்டது. மேகம் மூடிய நாட்களில் காலையிலேயே அறை சோர்ந்து கிடக்கும். ஷேட் கார்டை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்திருந்தால் அந்த நீலம் அன்றே தெரிந்திருக்கும்.

இரவில் கதை வேறு. 2700 கெல்வின் (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பில் சந்தனம் உருக்கிய நெய் மாதிரி ஆகிவிடும், சாம்பல் மங்கிப்போகும். 6500 கெல்வின் வெள்ளை பல்பில் சந்தனம் வெளிறும், சாம்பலைப் பார்த்தாலே குளிரும். 4000-க்கு மாற்றிய பிறகுதான் இரண்டுமே கண்ணுக்கு இதமாயின. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பல்பை முடிவு செய்திருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

தூசி, ஒட்டடை விஷயத்தில் சாம்பல்தான் மேல், சட்டென்று தெரியாது. ஆனால் சுவிட்ச் பக்கத்தில் கைக்கறையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்த இடமெல்லாம் பளபளப்பாகிவிட்டது. மாட் பெயிண்டின் குணம் அது, இரண்டு சுவரிலும் நடந்ததுதான். சாம்பலில் பக்கவாட்டில் நின்றாலே திட்டுத்திட்டாகத் தெரிகிறது. ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்து, மீதி வைத்திருந்த பெயிண்டால் டச்சப் செய்தபோதும் அப்படித்தான்: சந்தனத்தில் இடம் தேட வேண்டியிருக்கிறது, சாம்பலில் வாசலில் இருந்தே தெரிகிறது.

இந்த முறை அறை முழுக்கச் சந்தனம்தான். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தைத் தெறிக்கவிடும், அதனால் கார்டில் பார்த்ததைவிட அடர்த்தியாகத் தெரியும். அதை எண்ணி ஒரு படி வெளிறிய ஷேடாக எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகச் சுவரில் அடித்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரம் காலையும் இரவும் பார்த்துவிட்டுத்தான் பெயிண்டரை வரச் சொல்வேன்.