உப்புக்காற்றில் 8×42: சிறு தீவுகளில் பைனாகுலரும் ஸ்கோப்பும் – நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சிறிய வெப்பமண்டலத் தீவுகளுக்குப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பைனாகுலர் வாங்கும்போது முதலில் கேட்பது "எத்தனை மடங்கு?" என்றுதான். பல பருவங்கள் தீவுகளிலேயே வைத்துப் புழங்கியபின் தெரிவது, அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தினமும் தண்ணீரில் கழுவினால் தாங்குமா என்பது. தீவில் கருவியைக் கெடுப்பது உப்பும் ஈரமும்தான். கீழே விழுந்து உடைந்தவை அவற்றுக்கு அடுத்துத்தான் வரும்.

இங்கே பேசப்படுவது உள்ளே நைட்ரஜன் நிரப்பி, ஓ-ரிங் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வைத்து அடைத்த 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) ரூஃப் பிரிசம் (நேர்க்குழாய் வடிவ) பைனாகுலர். கூடவே 65 மி.மீ. ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி), கார்பன் ஃபைபர் முக்காலி.

8 மடங்கா 10 மடங்கா என்பதில் தீவைப் பொறுத்தவரை பெரிய குழப்பம் வேண்டாம். பாதி நேரம் படகில்தான் கழியும். படகில் 10 மடங்கு கையில் நிற்காது. 8×42-இல் கண்ணுக்கு வரும் ஒளி வட்டம் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 மி.மீ. ஆட்டத்தில் கண் சற்று விலகினாலும் முன்னதில் காட்சி இருண்டு போகாது. அதைவிட முக்கியம், கிட்டப் பார்க்கும் தூரம். பாலூட்டி வேட்டையாடிகள் இல்லாமலே காலங்காலமாக வாழ்ந்த தீவுப் பறவைகள் பல, மனிதரைக் கண்டு பறப்பதில்லை. கூடே கட்டாமல் வெறுங்கிளையில் ஒற்றை முட்டை இடும் வெள்ளை ஆலா என்ற கடற்பறவை, பாதையோரத்தில் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். 2 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாத கருவி அங்கே வீண்.

படகில் ஏறினால் முன்முனையை விட்டுவிடுங்கள். தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் நின்று, முழங்காலைத் தளர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் போதும். கம்பியில் கையை ஊன்றினால் இன்ஜின் அதிர்வு நேராகக் கருவிக்கு ஏறும். ஊன்றாமல் நிற்பதே மேல்.

இனி உப்பு. கடற்காற்று லென்ஸ் மீது உப்புப் படலம் ஒன்றைப் படிய வைக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். அதனால் விடியற்காலையில் அந்தப் படலம் ஈரப் பிசுபிசுப்பாக இருக்கும். வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் அதே உப்பு நுண்ணிய படிகமாக இறுகும். மதியம் பனியன் நுனியால் ஒரு துடை துடைத்தால், அந்தப் படிகங்களை வைத்தே பூச்சைச் சுரண்டியதாகும். தீவில் பழகிய பைனாகுலர்களில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் தெரியும் வட்டவட்டக் கீறல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே, தண்ணீர் படாமல் லென்ஸைத் துடைக்கவே கூடாது. மாலையில் திரும்பியதும் கண்குவளைகளை வெளியே இழுத்துவிட்டு, மெல்லிய நன்னீர்த் தாரையில் முன்லென்ஸ், கண்லென்ஸ், கீல், ஃபோகஸ் சக்கரத்தின் ஓரம் என்று ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தண்ணீர் அரிதான தீவில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றே போதும். குழாயைத் திருகி வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். கருவி நனைந்திருக்கும்போது ஃபோகஸ் சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டாம். ஓரத்தில் நிற்கும் உப்புநீரை அதுவே உள்ளே இழுக்கும். உதறி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றூதியால் ஊதி, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. அதுவும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புத் தரம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது நல்ல தண்ணீரில், புது ஓ-ரிங் வளையத்தோடு சோதித்தது. வெயிலும் உப்பும் பட்ட வளையம் நாளாக நாளாக இறுகும். பழைய கருவியை வாளியில் முக்குவதைவிடத் தாரையில் கழுவுவதே பாதுகாப்பு.

அடுத்த எதிரி பூஞ்சை. அடைத்த பைனாகுலரின் உள்ளே அது எளிதில் வராது. வருவது ஸ்கோப்பில், அதுவும் கண்வில்லையைக் கழற்றி மாட்டும் இடத்தில். கடற்கரையில் கண்வில்லை மாற்றும் வேலையே வேண்டாம். புறப்படும் முன் மாட்டியதை அப்படியே விடுங்கள். ஈரம் காயாத கருவியைத் துணிப்பையிலோ தோலுறையிலோ வைத்து மூடுவது பூஞ்சைக்குப் பாய் விரிப்பது போல. ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பெட்டி, உள்ளே இரண்டு மூன்று கைப்பிடி சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி – செலவு குறைவு, பலன் அதிகம். ஈரமானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறியதும் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் ஆரஞ்சாகும்.

ஏசி அறையில் தங்குவோருக்கு விடியற்காலையில் இன்னொரு தொல்லை: வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் மென்வெளிச்ச நேரமே குறைவு என்பதால், இந்த இழப்பு சின்னதல்ல. பெட்டியை இரவில் ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால், மூடிய பெட்டியோடே வெளியே கொண்டு வந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்கு ஆனபின் திறவுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: கொசு விரட்டியில் உள்ள டீட், ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். மேலுறை பிசுபிசுத்து, விரல்ரேகை பதியும் நிலைக்கு வந்த பைனாகுலர்களுக்குப் பின்னால் அதுதான் இருக்கும். உள்ளங்கையில் ஊற்றாமல் புறங்கையில் விட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். முக்காலிக்கும் ஒரு வார்த்தை. கார்பன் கால் துருப்பிடிக்காது. ஆனால் முறுக்குப் பூட்டில் மணல் புகுந்தால் கரகரவென்று சிக்கும். கீழ்ப்பகுதியை முதலில் முழுக்க நீட்டிவிட்டால் பூட்டு மணலுக்குள் இறங்காது.

கருவி நன்றாக இருந்தாலும் நேரம் தவறினால் பறவை கிடைக்காது. கரைப்பறவைகளுக்கு ஓத அட்டவணைதான் கடிகாரம். வற்றத்தில் உப்புக்கொத்திகளும் கல்திருப்பி உள்ளான்களும் பவளத் திட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஓதம் உச்சத்தை நெருங்க நெருங்க, மிச்சமிருக்கும் மணல் திட்டுக்கு ஒதுங்கும். உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவையே நெருங்கி வரும். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால், நேற்றைய நேரத்தை நம்பிப் போகக் கூடாது.

ஆலாக்களை இனம் பிரிப்பதில்தான் நல்ல கண்ணாடியின் மதிப்பு தெரியும். புகைநிற ஆலாவும் கடிவாள ஆலாவும் தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். புகைநிற ஆலாவின் நெற்றி வெள்ளை அகலமாக வந்து கண்ணோடு நின்றுவிடும். கடிவாள ஆலாவில் அது ஒடுங்கி, கண்ணைத் தாண்டிப் புருவமாக நீளும். முதுகும் கரியதாக இல்லாமல் பழுப்புச் சாம்பலாக இருக்கும். இந்தப் புருவத்தைப் படகிலிருந்து 8 மடங்கில் பார்த்துவிடலாம், உப்புப் படலம் இல்லாதவரை. பெரிய கொண்டை ஆலாவின் அலகு மஞ்சள், சின்னதின் அலகு ஆரஞ்சு என்பது புத்தகத்தில் எளிது. உச்சி வெயிலில் இரண்டும் ஒரே நிறமாக வெளிறித் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் நெற்றியைப் பாருங்கள்: சின்னதற்குக் கறுப்புத் தொப்பி அலகு வரை வரும், பெரியதற்கு நடுவே வெள்ளைப் பட்டை இருக்கும். அலகு நிறத்தை மட்டும் வைத்துப் பட்டியலில் சேர்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

ஸ்கோப் சுமைதான். 60 மடங்கு என்று விளம்பரத்தில் இருப்பது தீவில் காலை ஒன்பது மணிக்கு மேல் பயன்படாது. சுட்ட மணலிலிருந்து எழும் கானல் எல்லாவற்றையும் நெளிய வைக்கும். 20 முதல் 30 மடங்குதான் நடைமுறை. ஆனாலும் அதை விட்டுவிட்டுப் போகச் சொல்ல மாட்டோம். காரணம், கூட்டமாகக் கூடு வைத்திருக்கும் இடங்கள். தரையில் முட்டையிட்டிருக்கும் ஆலாக்கள் எழுந்து பறந்தால், நிழலின்றிக் கிடக்கும் முட்டைகள் வெயிலில் சில நிமிடங்களிலேயே சூடேறிக் கெடும். நண்டுகளும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கும். ஷியர்வாட்டர்கள் என்ற கடற்பறவைகள் மணலில் வளை தோண்டும் தீவுகளில் பாதையை விட்டு ஓர் அடி விலகினாலும் வளை சரிந்து, உள்ளே இருக்கும் குஞ்சு புதைந்து போகலாம். ஸ்கோப் இருந்தால் அவ்வளவு அருகில் போகும் தேவையே வராது.

தூரத்தை மீட்டரில் சொல்லிப் பயனில்லை, பறவையைப் பார்த்து நிறுத்துங்கள். அடைகாக்கும் ஆலா கழுத்தை நீட்டித் தலையை உயர்த்தினால் அதுவே எல்லை. அங்கேயே நின்று, மெல்ல இரண்டு மூன்று அடி பின்வாங்கி, அது மறுபடி தலையைத் தாழ்த்தியபின் முக்காலியை விரியுங்கள்.