செப்பாங் போகும் முன் டிரைவ் ஷாஃப்ட் காட்டிய சின் மிங் பட்டறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. போடட்டுமா என்று முதலாளி அங்கிளிடம் கேட்டதற்கு, "வேண்டாம் லா, இருக்கிற வண்டியையே நிறுத்த இடமில்லை" என்று கையை ஆட்டிவிட்டார். சிங்கப்பூரில் சின் மிங்கில் சரிவுப்பாதை ஏறி மேல்மாடிக்குப் போய், பழைய ஹோண்டா எங்கே நிறைய நிற்கிறது என்று பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

என்னுடையது 2005ஆம் ஆண்டு ஹோண்டா எஸ்2000. இரண்டு லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும், பின்சக்கர இழுவை. வண்டி வைத்திருக்க அரசாங்கத்திடம் வாங்கும் உரிமச் சான்றிதழான சிஓஇ இரண்டாவது முறையும் புதுப்பித்தாயிற்று, அதற்குக் கட்டிய தொகையை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவார். வருடத்துக்கு இரண்டு முறை கூட்டாளிகளோடு மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவேன். இங்கே ஓட்டுவதற்குப் பந்தயத் தடம் கிடையாது. மரீனா பே எஃப்1க்காக மட்டும் மூடுகிற தெரு, எந்த விரைவுச்சாலையிலும் மணிக்கு 90 கிமீக்கு மேல் போகக் கூடாது. இத்தனைக்கும் அந்தப் பட்டறையிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில்தான் பழைய அப்பர் தாம்சன் சாலை இருக்கிறது, 1961 முதல் 1973 வரை மரத்துக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே கிராண்ட் பிரீ பந்தயம் ஓடிய சாலை. இப்போது அங்கே குரங்குக்கு வழிவிட்டு மெதுவாகப் போகிறோம்.

டிரைவ் ஷாஃப்ட் என்பது டிஃப்பிலிருந்து, அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து, பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு, பக்கத்துக்கு ஒன்று. இரண்டு முனையிலும் சிவி ஜாயிண்ட் என்கிற மடங்கும் மூட்டு, அதன் மேல் 'பூட்' என்கிற ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். சக்கரம் மேலும் கீழும் ஆடினாலும் தண்டு மடங்கி, நீண்டு, சுருங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். தினசரி வேலைக்குப் போய்வரும் வண்டியில் அது இருப்பதே நமக்குத் தெரியாது. செப்பாங்கில் தெரியும். சுற்று 5.543 கிமீ. கடைசித் திருப்பமான பதினைந்தாவது, ஊசி வளைவு மாதிரி வளைத்துவிடும், அதிலிருந்து வெளியே வந்ததும் இரண்டாவது கியரில் முழு மிதி மிதித்துக்கொண்டு முன்நேர்சாலைக்குப் போகிறோம். அங்கே எஞ்சின் கொடுக்கிற அத்தனையும் அந்த இரண்டு தண்டு வழியாகத்தான் போகிறது, வெயிலும் நம் ஊர் வெயில்தான்.

போன வருடம் பட்ட கதை. தடத்துக்குப் போகும் முன் முழுப் பரிசோதனை என்று வேறோர் இடத்தில் 120 வெள்ளி கொடுத்தேன். நாற்பது கட்டம் போட்ட தாள், எல்லாவற்றிலும் பச்சை மையில் டிக், பார்க்கவே மனத்துக்கு நிறைவாக இருந்தது. மூன்றாவது சுற்று நேரத்தில் வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து புகை. உள்ளே கொண்டுவந்து பார்த்தால், ரப்பர் பூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் கழன்று கிரீஸ் முழுவதும் சக்கரத்தின் உள்பக்கத்தில் வட்டமாகத் தெளித்திருந்தது, கொஞ்சம் புகைபோக்கிக் குழாய் மேலும் பட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் சட்டையைவிட்டுப் போக இரண்டு சலவை ஆயிற்று. ஜாயிண்ட் உடையவில்லை என்பது என் அதிர்ஷ்டம். கூட்டாளி ஒருவர் கேபிள் டையும் துணியும் சுற்றிக் கொடுக்க, கிட்டத்தட்ட 300 கிமீ மெதுவாக உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அந்தத் தாளில் "டிரைவ் ஷாஃப்ட் பூட்: நன்று" என்று இருந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் இந்த முறை ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்தேன். இப்போது புதிதாக ஒரு பிரச்சினை வேறு, முழு மிதி மிதித்தால் இருக்கைக்கு அடியில் நடுக்கம். முதலில் போன இடத்தில் வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்க, கியரில் ஓடவிட்டார்கள். கடகடவென்று சத்தம். "ரெண்டு ஷாஃப்ட்டும் போச்சு சார், 2800 வெள்ளி." எனக்குக் கால் நடுங்கியது, சரி யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். கிரீஸ் நாளில் கேபிள் டை கட்டிய அதே கூட்டாளிதான் சின் மிங்குக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். அங்கிள் எழுபதை நெருங்குகிறவர், சீனர், தமிழில் "சரி", "இல்ல" என்ற இரண்டு வார்த்தை தெரியும், அதை வைத்தே பேரத்தை முடித்துவிடுவார். வேலை பார்த்தது புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், இங்கே வந்து பதினோரு வருடமாம். வண்டியைத் தூக்கவே இல்லை. பேனாவையும் எடுக்கவில்லை. "அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

போகும்போதே கேள்விமேல் கேள்வி. நடுக்கம் வேகத்தைப் பொறுத்து வருகிறதா, மிதியைப் பொறுத்து வருகிறதா? ரிவர்ஸ் போட்டுவிட்டு முன்னால் எடுக்கும்போது பின்னால் ஒரே ஒரு 'டிக்' கேட்கிறதா? வண்டியை எவ்வளவு தாழ்த்தியிருக்கிறீர்கள், எப்போது தாழ்த்தினீர்கள்? பிஐஇ விரைவுச்சாலையில் ஏறியதும் மூன்றாவது கியரில் 60 கிமீ வேகத்திலிருந்து முழு மிதி மிதிக்கச் சொன்னார். நடுக்கம் வந்தது. "காலை எடுங்க." எடுத்தேன், அதே வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது. "மறுபடி." வந்தது. மூன்று முறை. அப்புறம், "டயர் பேலன்ஸ் இல்ல அண்ணே. பேலன்ஸா இருந்தா நீங்க காலை எடுத்தாலும் ஆடும்" என்று சொல்லிவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், எனக்குத்தான் இன்னும் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்து லிஃப்ட்டில் ஏற்றினார். சக்கரம் தொங்கும்போது ஓடவிட்டால் அதே கடகட. நான் உடனே, பாருங்கள் அங்கேயும் இதே சத்தம்தான் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உயரமான ஸ்டாண்ட் ஒன்றைக் கொண்டுவந்து பின்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கு, அதாவது லோவர் ஆர்முக்கு, அடியில் கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது சக்கரம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு ஏற்றினார். அடுத்த பக்கமும் அப்படியே. மறுபடி ஓடவிட்டார். சத்தம் இல்லை. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கி நிற்கும், அந்தக் கோணத்தில் நல்ல ஷாஃப்ட்டும் கத்தும் என்றார். 2800 வெள்ளி போகவிருந்த இடம் அது. அந்த இடத்தில் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களுக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம், எது மோசம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம்தான் கையால் பார்க்கிற வேலை. எஞ்சினை நிறுத்தி, ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஏன் என்று கேட்டால், கண்ணால் பார்த்தால் கை பொய் சொல்லுமாம். வெளிப்பக்க ஜாயிண்டில் ஆட்டமே இல்லை. உள்பக்கத்தில், டிஃப் ஓரத்தில், மெல்லிய ஒரு 'டொக்'. என் கையையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னார், முதல் இரண்டு முறை எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்றாவது முறை தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி தலையாட்டினேன். உள்ளே வெளியே இழுத்தால் ஷாஃப்ட் நகரும், அது இருக்க வேண்டிய நகர்வு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ரப்பர் பூட்டின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து விளக்கடித்தார். இடது வெளிப் பூட்டில் மூன்றாவது மடிப்பின் அடியில் நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு. இன்னும் கிழியவில்லை, செப்பாங் வரை காத்திருந்திருக்கும்.

உள் ஜாயிண்டைத் திறக்க அங்கிளின் "சரி" தேவைப்பட்டது, என்னுடையதும். ஆறு நட்டைக் கழற்றி, டிஃப்போடு ஒட்டியிருந்த கிண்ணத்தை இழுத்ததும் பழைய கிரீஸ் கறுப்பாக, எண்ணெய் மாதிரி இளகி வழிந்தது. தம்பி அதில் கொஞ்சத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து என் ஹேண்ட்போன் வெளிச்சத்தில் காட்டினார். மினுமினுப்பு அதிகமில்லை, இரும்புத்தூள் நிறைய வரவில்லை என்று அர்த்தம். பிறகு கிண்ணத்தைத் துடைத்துக் கொடுத்து, உள்ளே ஜாயிண்டின் உருளைகள் ஓடும் மூன்று பள்ளத்திலும் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கச் சுவரில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ச் சுவரில் ஒரே இடத்தில் தடுக்கியது. அவ்வளவுதான் நோய். இருபது வருடமாக முன்னால் தள்ளித் தள்ளி உருளைகள் அதே சுவரில் குழி போட்டிருக்கின்றன, நான் வண்டியைத் தாழ்த்தியதும் உருளை ஓடும் இடம் கொஞ்சம் மாறி, பழைய குழியின் விளிம்பில் ஏறி இறங்குகிறது, அதுதான் இருக்கைக்கு அடியில் நடுக்கம்.

வைத்தியம் இந்த வண்டிக்காரர்கள் மத்தியில் ரொம்பப் பழையது. இடது கிண்ணத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுவது. அப்படிப் போட்டால், இதுவரை சுமை தாங்காத சுவர் இனிமேல் சுமை தாங்கும். புதுச் சாமான் தேவையில்லை. கதவைக் கழற்றித் திருப்பி மாட்டுகிற மாதிரி எளிமையாக எழுதிவிட்டேன், செய்யும்போது அரை நாள் பிடித்தது. உள் ஜாயிண்டுக்கு ஒரு கிரீஸ், வெளிக்கு மாலிப்டினம் கலந்த வேறு கிரீஸ், எடையும் பார்த்துத்தான் நிரப்பினார். நாலு ரப்பர் பூட்டும் புதிது, கிளிப் புதிது. நான் கேட்ட 'டிக்' சத்தத்துக்காக, சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஹப் நட்டைக் கழற்றி, தொடும் முகங்களைத் துடைத்து, புது நட் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் இறுக்கி, நட்டின் உதட்டைத் தட்டி மடித்து, மேலே வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு. தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

முழு ஷாஃப்ட்டும் புதிதாக, பெயர் தெரியாத கம்பெனிச் சாமான் வாங்கிப் போடலாமா என்று கேட்டேன், விலை குறைவுதானே. அங்கிள் "இல்ல" என்றார். மேற்கொண்டு பேச்சில்லை.

பரிசோதனைக்கு 90, வேலையும் சாமானும் சேர்த்து 460, மொத்தம் 550 வெள்ளி.

குறை இல்லாமல் இல்லை. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் முக்காலி, அதிலும் பாதி நேரம் யாரோ ஒருவரின் பம்பர் சாய்ந்திருக்கிறது. காற்றாடி வேலைக்காரர்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது, அது நியாயம்தான். கார்டு எடுக்க மாட்டார்கள், கைப்பேசி வழி அனுப்பும் பேநவ் அல்லது ரொக்கம். எழுதிய அறிக்கை எதுவும் தர மாட்டார்கள், வண்டியை விற்கும்போது காட்ட ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் பதில் மறுநாள் வரும், வந்தாலும் ஒரு கட்டைவிரல்தான், அது 'வா' என்பதா 'பார்த்தேன்' என்பதா என்று புரியாமல் நான் நேரில் போய்க் கேட்டேன். மதியத்துக்குள் முடியும் என்றார்கள், முடிந்தது மாலை ஐந்தரை. பசியாறாமல் போய்விடாதீர்கள், கீழே கோப்பிக் கடை இருக்கிறது, ஆனால் நீங்கள் இறங்கிப் போகும் நேரம் பார்த்துத்தான் தம்பி ஏதாவது காட்டக் கூப்பிடுவார்.

போன வாரம் செப்பாங் போய்வந்தேன். முக்கால் டேங்க் பெட்ரோலோடு துவாஸ் எல்லைச் சாவடி தாண்டி, அந்தப் பக்கம் ரான்97 ஊற்றி, வழக்கமான ஏற்பாடெல்லாம். ஐந்து முறை தடத்தில் இறங்கினேன், ஒவ்வொரு முறை வந்ததும் தம்பி சொன்னபடி விளக்கை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தேன், கிரீஸ் கோடு இல்லை, வெள்ளைக் கோடு விலகவில்லை. பதினைந்தாவது திருப்பத்திலிருந்து முழு மிதி கொடுத்து வெளியே வரும்போது இருக்கைக்கு அடியில் நடுக்கம் இல்லை. டயர் கத்தியது, அது என் ஓட்டும் லட்சணம்.

வார நாள் காலையில் போனால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். சக்கரத்துக்குப் பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவியை மறக்காமல் எடுத்துப் போங்கள், நான் வீட்டில் வைத்துவிட்டுப் போய் ஈசூன் வரை டாக்சியில் ஓடிவர வேண்டியதாயிற்று, அந்த 30 வெள்ளியைக் கணக்கில் சேர்க்கவில்லை.